மூன்றாவது சில்லு

லங்காவி,
8 செப்டம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

கலைச்செல்வன் எழுதுகிறேன். நானும் அனுசுயாவும் இங்கே சுகம். உங்கள் சர்க்கரை எப்படி, அண்ணியின் முழங்கால் எப்படி என்று மலர்க்கொடி அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, "இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாது" என்றீர்கள். ஒன்பது வருடமாக விழாமல் பார்த்துக்கொண்டேன். கடிதத்துக்குக் குரல் கிடையாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் யார்டில் நான் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். எல்லாம் வெள்ளைக்காரர்கள் நாடு நாடாகச் சுற்றுகிற பாய்மரப் படகுகள். அப்படி ஒன்று வெகுகாலமாக மூலையில் கிடந்தது. அதன் சொந்தக்காரருக்கு வயதாகிவிட்டது, இனி கடலுக்கு வரமாட்டார். முறைப்படி எழுதி எனக்கே கொடுத்துவிட்டார். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் செப்பனிடுகிறேன். பாய்மரத்தை இறக்கி, இற்றுப்போன கம்பிகளை மாற்றி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, கதவு ஜன்னல் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று.

ஆனால் அண்ணே, அது மரப் படகும் இல்லை, ஃபைபர் படகும் இல்லை. சிமெண்ட் படகு. கம்பி கட்டி, வலை சுற்றி, சிமெண்ட் பூசிச் செய்தது. ஐம்பது வயதாகிறது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தில் ஆங்காங்கே துருக்கறை கசிகிறது. இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வரும் மார்ச்சில் நானும் அனுசுயாவும் அதில் ஏறி அந்தமான் வரை போக இருக்கிறோம். நடுவில் பல நாள் கரையே தெரியாது. இந்தச் சிமெண்ட்டை நம்பி ஏறலாமா என்று எனக்குச் சொல்ல உங்களைவிட்டால் ஆள் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கலை

---

அரியலூர்,
2 அக்டோபர் 2024

கலைச்செல்வனுக்கு,

கடிதம் வந்தது. சர்க்கரை இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் அண்ணியின் முழங்காலுக்கு வயதாகிறது. நீங்கள் சுகம் என்று எழுதியிருக்கிறாய், நல்லது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பது வருடம் கழித்து ஒருவன் அண்ணனுக்கு எழுதினால் அதில் சொன்னதைவிடச் சொல்லாததுதான் அதிகமாக இருக்கும். அப்பாவின் பூலாம்பாடி மேட்டுக்காட்டு நிலம் இன்னும் பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் அதில் எதுவும் நடக்காது. அதற்குத்தான் இந்தப் படகு முன்னே வருகிறதோ என்று எனக்குத் தோன்றினால் நீ கோபப்படக் கூடாது. "அண்ணன் படிச்சவரு, அவருக்கு எதுக்குக் காடு?" என்று சபையில் சொன்னவன் நீ. அன்று சிரித்தவர்கள் முகம் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

சிமெண்ட் ஆலையில் என்னை வீட்டுக்கு அனுப்பி நான்கு வருடமாகிறது. என் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டை வெளியே போகாத காலம் இருந்தது. பிறகு என்னிடம் பாடம் கேட்ட பயலை எனக்கு மேலே உட்காரவைத்தார்கள். இப்போது டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். என்னிடம் யோசனை கேட்பவர்கள் யாரும் இப்போது இல்லை. இது உனக்கும் தெரிந்திருக்கும்.

கேட்டதற்குப் பதில். கீழ்ப்பாகத்தின் பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடு. சிறிய சுத்தியால் சாண் சாணாகத் தட்டு. கணீர் என்றால் விட்டுவிடு. பொத்தென்று கேட்டால் சாக்பீஸால் வட்டம் போடு. அந்த இடங்களை வெட்டி எடுத்துத் துருவைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். தட்டுவதோடு நிறுத்தாதே. முகப்பில் ஒன்று, நடு வயிற்றில் ஒன்று, வயிற்றுக்குக் கீழே முதுகெலும்பு மாதிரி ஓடும் அடிக்கட்டை சேருமிடத்தில் ஒன்று என்று மூன்று சில்லு பெயர்த்து, எண் எழுதி எனக்கு அனுப்பு. இதைக்கூட அறிவியலுக்காகத்தான் சொல்கிறேன்.

திருமுருகன்

---

லங்காவி,
10 நவம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அனுசுயா பாயசம் வைத்தாள். நாங்கள் சுகம். அங்கே மழை எப்படி? கடலூர்ப் பக்கம் புயல் என்கிறார்கள், வீட்டுச் சுவர் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே தட்டினேன். பக்கவாட்டில் நிறைய வட்டம் விழுந்தது. அடிக்கட்டை மட்டும் கோயில் மணி மாதிரி கேட்கிறது, அங்கே ஒரு வட்டம்கூட இல்லை. இங்கே என்னோடு வேலை செய்யும் வீரமணி பூலாம்பாடிதான், சவுக்கடிப் பேச்சு. நான் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்னடா, சம்மந்தம் பேசப் போற வூட்டுக் கதவைத் தட்டுற மாதிரி பயந்து பயந்து தட்டுற? போடு ஒன்னு!" என்றான். "அண்ணன் சாண் சாணாத்தான் தட்டச் சொல்லிருக்காரு" என்றேன். "ஓகோ, அவரா? அவரு சொன்னா வெரக்கடை வெரக்கடையாவே தட்டு" என்றான். உங்கள் பெயருக்கு இங்கேயும் மரியாதை உண்டு அண்ணே.

பெயிண்ட் போனதும் படகு சாம்பல் வெள்ளையாக நிற்கிறது. பார்த்ததும் அனுசுயா, "மயிலைக் காளை கணக்கா இருக்குங்க" என்றாள். அதனால் மயிலை என்றே பெயர் வைத்துவிட்டோம். வீரமணி தினமும் அதன் மூக்கைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான்.

மூன்று சில்லும் பார்சலில் வருகின்றன. பொட்டலத்தில் எண் எழுதியிருக்கிறேன். மூன்றாவதுதான் அடிக்கட்டை.

உங்கள் தம்பி,
கலை

---

அரியலூர்,
8 டிசம்பர் 2024

கலைச்செல்வனுக்கு,

பார்சல் வந்தது. மழையில் பின்சுவர் நனைந்தது, விழவில்லை. நாங்கள் இருக்கிறோம்.

தபால்காரர் கொடுத்ததும் நான் உடனே பிரிக்கவில்லை. உன் அண்ணி, "ஏங்க, தம்பி அனுப்புனதைப் போயி குண்டு வச்ச பொட்டலம் மாதிரி பாக்குறீங்க, கல்லுதானே" என்றாள். "கல்லுன்னு அவன் சொல்றான்" என்றேன். "அப்ப நீங்களே கடிச்சுப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

கல்தான். டுடோரியலில் இருந்து காரம் பார்க்கும் மருந்து கொண்டுவந்து சோதித்தேன். உடைத்த முகத்தில் மருந்து சொட்டினால் உயிருள்ள சிமெண்ட் ரோஜா நிறமாகும். காரம் செத்துப்போன சிமெண்ட்டில் நிறம் வராது. காரம் செத்தால் உள்ளே இருக்கும் கம்பிக்குக் காவல் இல்லை. முதல் சில்லும் இரண்டாவதும் நன்றாகச் சிவந்தன. ஐம்பது வருடத்துக்கு முன் பூசியவன் யாராக இருந்தாலும் வேலை தெரிந்தவன். மூன்றாவதை உடைப்பதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கிச் சோதித்து எழுதுகிறேன்.

மேட்டுக்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தேன். உன் கடிதத்தில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. மணிச் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், காளையைப் பற்றி எழுதியிருக்கிறாய். என்னைப் புகழ்ந்தும் எழுதியிருக்கிறாய். எதையும் கவனிக்காதவன் என்று என்னை நினைத்துவிடாதே.

திருமுருகன்

---

பெரம்பலூர்,
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு மலர்க்கொடி எழுதுவது.

பொங்கல் சீர் ராசாங்கம் மாமா கையில் வந்து சேர்ந்தது. கரும்பு நல்ல கரும்பு. அண்ணி எடுத்த புடவைக் கலர் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வருடமும் நீங்கள் நேரில் வரவில்லை, அதுதான் குறை. வந்தால் கலை பேச்சு வரும், பேச்சு வந்தால் சண்டை வரும் என்று பயந்துதான் வரவில்லை என்று தெரியும். அதனால் மாமா திரும்பிப் போகும் பையிலேயே இதை வைக்கிறேன்.

கலை போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். உங்கள் பேச்சுத்தான் முழுக்க. "அண்ணன் எழுதிருக்காரு, அண்ணன் சொல்லிருக்காரு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "இன்னும் ஒரே ஒரு கடுதாசி அண்ணன்கிட்டேருந்து வரணும்க்கா. அது வந்துட்டா தண்ணி காட்டிரலாம்" என்றான். என்னவென்று கேட்பதற்குள் என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் இருவரும் மறுபடி எழுதிக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம். சர்க்கரைக்காரர் பொங்கலை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

தங்கை,
மலர்

---

அரியலூர்,
16 ஜனவரி 2025

மலர்க்கொடிக்கு,

சீர் பிடித்திருந்தால் சரி. பொங்கலை ஒரு கரண்டியோடுதான் நிறுத்தினேன். நிறுத்தாமல் போயிருந்தாலும் உன் கடிதத்தைப் படித்த பிறகு இறங்கியிருக்காது.

அவன் சொன்னதை நீ எழுதியிருக்கிறாய். எழுதும்போது அதன் அர்த்தம் உனக்கு உறைத்ததா? அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டுமாம், வந்துவிட்டால் தண்ணி காட்டிவிடலாமாம். யாருக்குத் தண்ணி காட்டப் போகிறான்? கடிதம் எழுதப்போகிற முட்டாளுக்குத்தானே? என் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் ஒவ்வொன்றாக அவனிடம் சேருகின்றன. சில்லு, சுத்தி, காளை மாடு எல்லாம் இதற்குத்தானா என்று முதல் கடிதத்திலேயே எனக்குப் பட்டது. என் மனசு என்னை ஏமாற்றியதில்லை. மனிதர்கள்தான் ஏமாற்றினார்கள்.

இனி அவனுக்கு நான் ஒரு வரி எழுதுவதாக இல்லை. நான் சொன்னதாக நீ அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

திருமுருகன்

---

லங்காவி,
9 பிப்ரவரி 2025

அன்பு அண்ணனுக்கு,

பொங்கலுக்குப் பிறகு உங்கள் கடிதத்தைக் காணவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று அக்காவிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் நிம்மதி. நாங்கள் சுகம்.

வட்டம் போட்ட இடங்களையெல்லாம் வெட்டிப் பூசி முடித்தாயிற்று. சாக்கு போர்த்தி ஈரம் காயாமல் வைத்திருந்தோம். பாய்மரம் நிமிர்ந்துவிட்டது. பாய்கள் இரண்டும் புதிது. அனுசுயா உள்ளே சமையல் மேடைக்கு மேல் சாமி படம் மாட்டிவிட்டாள்.

மூன்றாவது சில்லைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நாலைந்து நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குறை கண்ணில் பட்டால் சொல்லாமல் விடுகிற ஆளா நீங்கள்? என் கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டதற்கே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்துக் கேட்டவர். அடிக்கட்டையில் கோளாறு இருந்திருந்தால் நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை என்றால் சொல்ல ஒன்றும் இல்லை, சில்லு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீரமணியும் அதையேதான் சொன்னான்: "ஒங்கண்ணன் சும்மா இருக்காருன்னா, அது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரிடா."

ஆகவே 24 காலை மயிலைக்குத் தண்ணி காட்டுகிறோம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கிரேன் அன்றைக்குத்தான் கிடைக்கிறது. மார்ச் நடுவில் காற்று பார்த்துக் கிளம்புவோம்.

எங்களை ஆசீர்வதியுங்கள்.

தம்பி,
கலை

---

அரியலூர்,
29 ஜனவரி 2025

கலைச்செல்வனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சில்லைச் சோதித்துவிட்டேன். நிறம் வரவில்லை. இரண்டு முறை புதிதாக உடைத்துச் சொட்டினேன், வரவில்லை. உள்ளே இருந்த வலை விரலில் மாவாக வந்தது. உப்பும் ஏறியிருக்கிறது. அடிக்கட்டையில் தட்டினால் மணிச் சத்தம் கேட்டதாக எழுதியிருந்தாய். அதை நம்பாதே. அந்தப் படகுகளில் அடிக்கட்டைக்குள் பாரத்துக்காக இரும்புத் துண்டும் கான்கிரீட்டும் திணித்திருப்பார்கள். உள்ளே நிரப்பு இருந்தால் மேல்தோல் செத்திருந்தாலும் சத்தம் நன்றாகத்தான் வரும்.

எக்காரணம் கொண்டும் படகைத் தண்ணீரில் இறக்காதே. இறக்கியிருந்தால் தூக்கிவிடு. அடிக்கட்டை சேருமிடம் முழுவதையும் கம்பி தெரியும் வரை வெட்டி, இற்ற வலையை நீக்கிப் புது வலை கட்டிப் பூச வேண்டும். விவரம் தனித்தாளில் இருக்கிறது.

தபால் இப்போதெல்லாம் மிகவும் தாமதமாகிறது. எப்போது கிடைத்தாலும் உடனே செய்.

திருமுருகன்

---

பெரம்பலூர்,
2 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? வெள்ளிக்கிழமை நீங்கள் வந்த வேகத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. பல வருடம் கழித்து என் வாசற்படி ஏறியவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவனுக்குப் போனைப் போடு. எறக்காதன்னு சொல்லு. எறக்கிருந்தா தூக்கச் சொல்லு" என்றீர்கள். "நீங்களே பேசுங்கண்ணே, இந்தாங்க" என்று நீட்டினேன். அவன் குரல் காதில் விழும் என்று தெருவுக்குப் போய் நின்றுகொண்டீர்கள். எதிர்வீட்டு அமிர்தவல்லி, "ஒங்கண்ணன் ஏன் வெயில்ல நிக்கிறாரு, வூட்ல எடமில்லையா?" என்று கேட்டாள்.

நீங்கள் சொல்லச் சொன்னபடியே சொன்னேன். அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டார், தபாலில்தான் தாமதம் என்றேன். "தபால்லயா தாமதம்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு "சரிக்கா" என்றான். "எறக்கிட்டியாடா?" என்றேன். அதற்கும் "சரிக்கா" என்றுதான் சொன்னான். வைத்துவிட்டான்.

அண்ணே, ஜனவரியில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் பீரோவில் இருக்கிறது. அவனுக்கு ஒரு வரி எழுதமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குத் தண்ணி காட்டப் போகிறான் என்றும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது நான் அவனுக்குக் காட்டியது என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர்

---

லங்காவி,
20 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்களுக்கும் அண்ணிக்கும் குறையில்லை என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 24 காலை தேங்காய் உடைத்து மயிலையை இறக்கினோம். இங்கே வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீரில் இறக்கினாலும் கிரேன் பட்டையை உடனே கழற்றமாட்டார்கள். கொஞ்ச நேரம் தொங்கவிட்டே வைத்திருப்பார்கள். அனுசுயா கற்பூரம் காட்ட உள்ளே இறங்கினாள். வீரமணி மேலே நின்றுகொண்டு, "மயிலை, குடிடா குடி" என்று கத்திக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து, "ஏங்க, காலு நனையுது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி, "ஏங்க, மெய்யாலுமே நனையுது" என்றாள். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடிக்கட்டைப் பக்கம் ஊற்று மாதிரி வந்துகொண்டிருந்தது. தூக்கிவிட்டார்கள். பட்டையில் தொங்கியதால் அவ்வளவோடு போயிற்று. நடுக்கடலில் பட்டை கிடையாது.

பிறகு அக்கா பேசினாள். பிறகு உங்கள் கடிதம் வந்தது. உள்ளே ஜனவரி 29 என்று இருக்கிறது. உறையில் அரியலூர் முத்திரை பிப்ரவரி 27. தபால்காரர்கள்மேல் பழி போடாதீர்கள் அண்ணே, அவர்கள் சரியாகத்தான் குத்தியிருக்கிறார்கள். "இறக்கியிருந்தால் தூக்கிவிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இறக்கப் போவது ஜனவரியில் உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

மேட்டுக்காட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மறைக்கவில்லை. நீங்கள் எழுதும்வரை அந்த நினைப்பே எனக்கு இல்லை.

பூசும் விதம் பற்றித் தனித்தாளில் நீங்கள் எழுதியது நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் தேதியையே மாற்றி எழுதியவர் மற்றதை மாற்றாமல் எழுதியிருப்பார் என்று நான் எப்படி நம்புவது? இப்படிக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. அதில் ஏறப்போவது நான் மட்டும் இல்லை. யார்டில் வேறொருவரைக் கேட்டிருக்கிறேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, மணி மாதிரி இருக்கிறது, மேலே ஒரு பூச்சு போதும் என்கிறார். யாரை நம்புவது என்று தெரியவில்லை. இந்த வருடக் காற்று போய்விட்டது.

கலைச்செல்வன்

---

அரியலூர்,
9 ஏப்ரல் 2025, புதன்கிழமை

கலைக்கு,

அனுசுயாவின் கால் நனைந்ததோடு போயிற்று என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் நின்றுவிட்டேன். உன் அண்ணியும் வாங்கிப் படித்தாள். சாயங்காலம் காபியை வைக்கும்போது, "மாட்டுக்குத் தண்ணி காட்டுறதுன்னு ஒன்னு இருக்கு. அந்த வூட்லதான் நீங்களும் பொறந்தீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேலே பூச்சு மட்டும் போதும் என்கிறவர் பேச்சைக் கேட்காதே என்று எழுத வந்தேன். எழுதினால் நீ நம்பமாட்டாய். உன் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன். அதனால் என்னையும் நம்ப வேண்டாம், அவரையும் நம்ப வேண்டாம். அனுசுயாவிடம் மஞ்சள் தூள் கேள். தண்ணீரில் குழைத்துக்கொள். அடிக்கட்டையில் புதிதாக ஒரு சில்லு பெயர்த்து, உடைந்த முகத்தில் சொட்டு. நடு வயிற்றில் ஒரு சில்லு பெயர்த்து அதிலும் சொட்டு. உயிருள்ள சிமெண்ட்டில் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே சிவப்பு. செத்த சிமெண்ட்டில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். இதற்கு மருந்துக்கடை வேண்டாம், படித்தவன் வேண்டாம், அண்ணனும் வேண்டாம். மஞ்சளாக நிற்கும் இடமெல்லாம் வெட்டு. சிவக்கும் இடம் வரும்வரை வெட்டு. சிவந்ததும் நிறுத்து. பூசுவதற்கு முன் அனுசுயா தன் கையால் சொட்டிப் பார்க்கட்டும். அவள் சரி என்று சொன்னால் மட்டும் பூசி, மயிலைக்குத் தண்ணி காட்டு.

வீரமணியிடம் சொல், நான் சும்மா இருந்தால் அது முத்திரை இல்லை என்று.

இதை அரியலூர்த் தபால் நிலையத்தில், பசை டப்பா வைத்த மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம், முத்திரையை என் கண்ணெதிரே குத்த வேண்டும், தேதி அழுத்தமாக விழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "ஏன் சார், கோர்ட்டு விசயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் குத்திய பிறகுதான் எழுந்திருப்பேன். உறையைக் கிழிப்பதற்கு முன் முத்திரையைப் பார்த்திருப்பாய். இப்போது மேலே நான் எழுதியிருக்கும் தேதியைப் பார்.

அண்ணன்,
திருமுருகன்